நடுநிலைப் பள்ளியில் சொல்வளம் கற்பித்தல்

நடுநிலைப் பள்ளியில் சொல்வளம் கற்பித்தல் என்பது, ஏறத்தாழ 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்குப் புதிய சொற்களை அறிமுகம் செய்து, படிப்பிலும் பேச்சிலும் எழுத்திலும் அவற்றைக் கையாளும் அளவுக்குப் பழக்கும் கல்விச் செயற்பாடு ஆகும். தமிழ்நாட்டில் 6, 7, 8 ஆகிய வகுப்புகள் நடுநிலை வகுப்புகள் எனப்படுகின்றன. இலங்கையில் 6 முதல் 9 வரையுள்ள தரங்கள் கனிட்ட இடைநிலைப் பிரிவில் அடங்குகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பள்ளிகள் பெரும்பாலும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளைக் கொண்டவை.

தொடக்க வகுப்புகளில் மாணவர்கள் படிக்கக் கற்கின்றனர். நடுநிலை வகுப்புகளிலோ படித்துக் கற்க வேண்டியவர்கள் ஆகின்றனர். அறிவியல், கணிதம், வரலாறு, புவியியல் ஆகிய ஒவ்வொரு பாடமும் தனக்குரிய சொற்களுடன் வருகின்றது. அச்சொற்களை அறியாத மாணவருக்குப் பாடநூல் முழுவதுமே அடைபட்டுப் போகின்றது. தமிழ் எழுத்துமுறை பெரும்பாலும் ஒலிப்பை ஒட்டி அமைந்திருப்பதால், பொருள் அறியாத மாணவரும் ஒரு பத்தியைத் தடையின்றி உரக்கப் படித்துவிட இயலும். இதனால் சொல்வளக் குறை வகுப்பில் எளிதில் வெளித்தெரிவதில்லை.

ஒரு சொல்லை அறிதல்

ஒரு சொல்லை அறிதல், அறியாமை என இரண்டு நிலைகள் மட்டும் உள்ளன எனக் கொள்வது பொருந்தாது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1965 ஆம் ஆண்டில் சொல்லறிவை நான்கு நிலைகளாகப் பிரித்தார். அவை:

1. சொல்லை முன்னர் ஒருபோதும் கண்டிராத நிலை
2. கேள்விப்பட்டிருந்தும் பொருள் அறியாத நிலை
3. எதனோடு தொடர்புடையது என்பதை மட்டும் சூழலை வைத்து உணரும் நிலை
4. பொருளை நன்கு அறிந்த நிலை

மாணவர்களின் சொற்களுள் பல மூன்றாம் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, "சிக்கனம்" என்பது பணத்தோடு தொடர்புடையது என்று அறிந்த மாணவர், அதற்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதிருக்கலாம். ஒரு சொல்லை முழுமையாக அறிதல் என்பது அதன் பொருள், ஒலிப்பு, எழுத்து வடிவம், உடன்வரும் சொற்கள், பயன்படும் இடம், பொருந்தாத இடம் ஆகிய அனைத்தையும் அறிதலாகும்.

அகராதி விளக்கத்தை மட்டும் படிப்பது இவ்வறிவைத் தருவதில்லை என்பதை ஜார்ஜ் மில்லர், பட்ரீசியா கில்டே ஆகியோர் 1987 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினர். "அரித்தல்" எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அகராதி தந்த விளக்கத்தில், "வெளியே சென்று உண்ணுதல்" என்றும் பொருள்படக்கூடிய ஒரு தொடர் இருந்தது. அதைப் படித்த குழந்தை, தன் குடும்பத்தினர் அடிக்கடி "அரிப்பதாக" ஒரு வாக்கியம் எழுதியது. குழந்தையின் ஊகத்தில் தவறில்லை. சொல் எங்கே வழங்கும் என்பதை அந்த விளக்கம் உணர்த்தாததே பிழைக்குக் காரணமாகும்.

சொற்களின் எண்ணிக்கை

வில்லியம் நாகி, ரிச்சர்ட் ஆன்டர்சன் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 3 முதல் 9 ஆம் வகுப்பு வரையான மாணவர்களுக்குரிய அச்சு நூல்களில் ஏறத்தாழ 88,500 சொற்குடும்பங்கள் இருப்பதாக மதிப்பிட்டனர். ஒரே வேரிலிருந்து தோன்றிப் பொருளால் நெருங்கிய சொற்கள் யாவும் சேர்ந்து ஒரு சொற்குடும்பம் எனக் கொள்ளப்படுகின்றது. பள்ளி மாணவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 சொற்களைக் கற்பதாக நாகியும் பட்ரீசியா ஹெர்மனும் 1987 இல் கணித்தனர். இதனைவிடக் குறைவாக மதிப்பிடும் ஆய்வாளர்களும் உளர்.

இதற்கு மாறாக, வகுப்பில் நேரடியாகக் கற்பிக்கக்கூடிய சொற்கள் மிகச் சிலவே. வாரத்துக்கு 10 சொற்கள் வீதம் 36 வாரங்கள் கற்பித்தால், ஆண்டுக்கு 360 சொற்களே ஆகும். மூன்று ஆண்டுகளில் இது 1,080 மட்டுமே. எனவே மாணவர் கற்கும் சொற்களில் பெரும்பகுதி வாசிப்பின் மூலமும் பிறர் பேச்சைக் கேட்பதன் மூலமுமே வந்து சேர்கின்றது.

எனினும் வாசிப்பின்வழிக் கற்றல் மெதுவாகவே நிகழ்வது. சுவான்போர்ன், கேஸ் டி குளோப்பர் ஆகியோர் 20 ஆய்வுகளைத் தொகுத்து 1999 இல் வெளியிட்ட முடிவின்படி, இயல்பாகப் படிக்கையில் எதிர்ப்படும் அறியாச் சொற்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டையே மாணவர்கள் கற்றுக்கொள்கின்றனர். மிகுதியாகப் படிப்பவர்களுக்கே இவ்வழி பெரும்பயன் தருகின்றது.

இதிலிருந்து ஒரு சமனற்ற நிலை தோன்றுகின்றது. சொல்வளம் உடையவர் எளிதாகப் படிக்கின்றார், அதனால் மேலும் படிக்கின்றார், மேலும் சொற்களைப் பெறுகின்றார். சொல்வளம் குறைந்தவருக்குப் படிப்பு துன்பமாகின்றது. அவர் படிப்பதைத் தவிர்க்கின்றார், பின்தங்குகின்றார். கீத் ஸ்டானோவிச் 1986 இல் இதனை "மத்தேயு விளைவு" என்று குறிப்பிட்டார். உள்ளவருக்கு மேலும் கொடுக்கப்படும் என்னும் கருத்து மத்தேயு நற்செய்தியில் வருவதால் இப்பெயர் ஏற்பட்டது. வகுப்பறையில் சொற்களைத் திட்டமிட்டுக் கற்பிப்பதன் முதன்மை நோக்கம், இவ்விடைவெளி மேலும் விரிவடையாமல் காப்பதாகும்.

வரலாறு

தமிழ் மரபில்

அரிய சொற்களுக்குப் பொருள் கூறும் வழக்கம் தமிழில் தொல்காப்பியத்தின் உரியியலிலேயே காணப்படுகின்றது. அவ்வியலில், பொருள் வெளிப்படையாகத் தெரியும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை என்றும், பொருள் வெளிப்படாத சொற்களையே விளக்க வேண்டும் என்றும் கூறப்படுகின்றது. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்துதல் அங்குக் கையாளப்படும் முறையாகும். ஒரு பொருளை விளக்கிய சொல்லுக்கும் பொருள் கூறப் புகுந்தால் அதற்கு எல்லை இல்லை என்றும் அவ்வியல் உரைக்கின்றது. எச்சொல்லைத் தேர்வது, எதனைக் கொண்டு விளக்குவது, எங்கே நிறுத்துவது என்னும் இம்மூன்று வினாக்களும் இன்றைய ஆசிரியர் எதிர்கொள்பவையே.

பிற்காலத்தில் நிகண்டுகள் தோன்றின. அவற்றுள் திவாகரம் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுகின்றது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்துத் தருவதோடு, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் இது தனித்தொகுதியில் கூறுகின்றது. விருத்தப்பாவில் அமைந்ததால் மனப்பாடம் செய்வதற்கு ஏற்றதாக விளங்கியது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் நிகண்டை மனப்பாடம் செய்தனர். வீரமாமுனிவர் 1732 இல் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளைக் கொண்டது. அதில் சொற்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டன. சொல்லை நினைவில் வைத்திருப்பதற்கு மாறாக, வேண்டும்போது தேடிக் காணும் வழக்கத்துக்கு அகராதி வழி வகுத்தது.

இருபதாம் நூற்றாண்டில்

1920களில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படிக்க இடர்ப்படுவதை ஆராய்ந்தார். புதிய சொற்களைச் சிறிது சிறிதாக அறிமுகம் செய்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வரச்செய்யும் வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கினார். 1953 இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. நியூசிலாந்தின் அவெரில் கோக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. இது உயர்கல்விக்கெனத் தொகுக்கப்பட்டதாயினும் பள்ளிகளிலும் பயன்பட்டு வருகின்றது.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட நூலின் மூலம், சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கும் முறை பரவலாக அறியப்பட்டது. தமிழ்ச் சொற்களைக் கொண்டு அவற்றைப் பின்வருமாறு விளக்கலாம்.

முதல் அடுக்கு: அன்றாடப் பேச்சில் தாமாகவே கற்கப்படும் சொற்கள். எடுத்துக்காட்டு: மழை, பசி, ஓடு.
இரண்டாம் அடுக்கு: பல பாடங்களிலும் பல வகை நூல்களிலும் வருவனவும், அன்றாடப் பேச்சில் அரிதாக வழங்குவனவும் ஆகிய சொற்கள். எடுத்துக்காட்டு: விளைவு, சான்று, வலியுறுத்து, ஒப்பிடு, தவிர்.
மூன்றாம் அடுக்கு: ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள். எடுத்துக்காட்டு: ஒளிச்சேர்க்கை, நாற்கரம்.

இவற்றுள் இரண்டாம் அடுக்குச் சொற்களுக்கே மொழி வகுப்பில் முதலிடம் தரவேண்டும் என்பது இவர்களது கருத்தாகும். மூன்றாம் அடுக்குச் சொற்களை அவ்வப் பாட ஆசிரியர் பாடத்தோடு சேர்த்து விளக்குவார். இரண்டாம் அடுக்குச் சொற்களையோ எல்லா ஆசிரியர்களும் மாணவர் அறிந்தவை எனக் கருதிக் கடந்து செல்வதால், அவை எவராலும் கற்பிக்கப்படாமல் போகக்கூடும்.

ஆனால் சொல்லுக்குரிய அடுக்கு எப்போதும் நிலையானதன்று. "வேலை" என்பது அன்றாடச் சொல்லாயினும் இயற்பியலில் அது கலைச்சொல் ஆகின்றது. ஒரு கனத்த பையை அசையாமல் ஏந்தி நிற்பவர் களைப்படைகின்றார். எனினும் பை இடம்பெயராததால், இயற்பியல் பொருளில் அதன்மீது வேலை செய்யப்படவில்லை. "கோவை" என்பது ஊர், கொடி, இலக்கிய வகை ஆகியவற்றின் பெயராகவும் இயற்கணிதத்தில் கலைச்சொல்லாகவும் வழங்குகின்றது. இத்தகைய சொற்கள் முற்றிலும் புதிய சொற்களைவிட மிகுதியாகத் தடுமாறச் செய்பவை. மாணவர் தமக்குப் பொருள் தெரியும் என நம்பி வினவாமல் இருந்துவிடுவதே இதற்குக் காரணமாகும்.

கற்பித்தல் முறைகள்

எளிய விளக்கமும் எடுத்துக்காட்டும்

சொல்லை முதலில் அது வரும் பாடப்பகுதியிலேயே காட்டி, பின்னர் மாணவர் அறிந்த சொற்களால் விளக்கி, வேறு சூழல்களிலும் பொருத்திக் காட்டுதல் பொதுவான முறையாகும். "தயங்குதல்" என்பதற்கு "பின்வாங்குதல்" என்று ஒரு சொல்லை மட்டும் தருவதைவிட, "ஒன்றைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இயலாமல் சற்று நிற்றல்" என விளக்குவது தெளிவானது. அதன்பின், மாணவர் தாம் தயங்கிய நேரம் ஒன்றைக் கூறுமாறும், தயங்குதலுக்கும் மறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுமாறும் கேட்கப்படுகின்றனர்.

நாற்கட்ட வரைபடம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி பிரேயரும் உடன் ஆய்வாளர்களும் 1969 இல் உருவாக்கிய இம்முறையில், ஒரு தாள் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு நடுவில் சொல் எழுதப்படுகின்றது. அறிவியல் வகுப்பில் "ஊர்வன" என்னும் சொல்லுக்கு இது பின்வருமாறு அமையலாம்.

பொருள்: செதில் போர்த்த உடலும் முதுகெலும்பும் உடைய விலங்குத் தொகுதி
பண்புகள்: நுரையீரலால் சுவாசித்தல், சூழலுக்கேற்ப உடல்வெப்பம் மாறுதல்
எடுத்துக்காட்டுகள்: பல்லி, பாம்பு, ஆமை, முதலை
எடுத்துக்காட்டு அல்லாதவை: மண்புழு, தவளை, விலாங்கு மீன்

நான்காம் கட்டமே இம்முறையின் சிறப்பாகும். மண்புழு ஊர்ந்து செல்வதாயினும் ஊர்வன வகுப்பைச் சேர்ந்ததன்று என்பதை அறியும்போதே, மாணவர் சொல்லின் நேர்ப்பொருளிலிருந்து அறிவியற் பொருளைப் பிரித்தறிகின்றார்.

சொற்பகுப்பு

சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரித்துப் பொருள் காணும் பயிற்சி தமிழில் மிகுந்த பயன் தருவதாகும். தமிழ்க் கலைச்சொற்கள் பல, அறிந்த சொற்களின் கூட்டாகவே ஆக்கப்பட்டவை. "ஒளி" என்பதை அறிந்தவர் ஒளிச்சேர்க்கை, ஒளிவிலகல், ஒளியாண்டு ஆகியவற்றை அணுகலாம். "மானி" என்பது அளக்கும் கருவி என அறிந்தவர் வெப்பமானி, அழுத்தமானி, மழைமானி ஆகியவற்றை ஊகிக்கலாம். எனினும் பகுப்பு எப்போதும் சரியான விடையைத் தருவதில்லை. "அபிமானி" என்பதில் உள்ள மானி அளவுகருவி அன்று. ஒளியாண்டு என்பது காலத்தின் அளவன்று, தொலைவின் அளவாகும். ஆகவே பகுத்துக் கண்ட பொருளை வாக்கியத்தில் வைத்துச் சரிபார்க்கும் பழக்கத்தையும் உடன் கற்பித்தல் வேண்டும்.

சூழலைக் கொண்டு ஊகித்தல்

"மழை பொய்த்தபோதும் அவர் தளராமல் கிணற்றை ஆழப்படுத்தினார்" என்னும் வாக்கியத்தில், "தளராமல்" என்பதன் பொருளை ஊகிக்கப் பிற சொற்கள் உதவுகின்றன. "அவர் ஐயத்துடன் எழுந்து நின்றார்" என்பதிலோ ஐயம் என்பது அச்சமா, மகிழ்ச்சியா, சந்தேகமா என்பதற்குக் குறிப்பே இல்லை. எவ்வாறு ஊகிப்பது என்பதோடு, எப்போது ஊகிக்க இயலாது என்பதையும் அறிந்தால்தான் மாணவர் அகராதியை நாடுவார்.

அறியாச் சொற்கள் மிகுந்த நூலில் ஊகம் பயனளிப்பதில்லை. இரண்டாம் மொழி கற்போரைப் பற்றிய ஆய்வுகளில், ஒரு நூலைத் துணையின்றிப் புரிந்துகொள்ள 95 முதல் 98 விழுக்காடு சொற்களை அறிந்திருத்தல் வேண்டும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதாவது 20 சொற்களுக்கு ஒன்று முதல் 50 சொற்களுக்கு ஒன்று வரையே அறியாச் சொல் இருக்கலாம்.

மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளல்

கற்றவை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கப்படுகின்றன என்பதை எர்மன் எபிங்காசு 1885 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மெக்கியோனும் உடன் ஆய்வாளர்களும் 4 ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 1985 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லை 4 முறை எதிர்கொண்டவர்கள் அதன் பொருளைக் கற்றபோதிலும், அச்சொற்கள் அடங்கிய பகுதியைப் புரிந்துகொள்வதில் முன்னேற்றம் காணவில்லை. விரிவான பயிற்சியுடன் 12 முறை எதிர்கொண்டவர்களிடம் அம்முன்னேற்றம் காணப்பட்டது. எனவே ஒரே நாளில் பல முறை எழுதுவதைவிட, சில நாள், சில வாரம் என இடைவெளி விட்டு வெவ்வேறு வாக்கியங்களில் சொல்லைச் சந்திக்கச் செய்வது பரிந்துரைக்கப்படுகின்றது.

பாஸ்டன் நகரத் திட்டம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் கேத்தரின் ஸ்னோ உள்ளிட்ட ஆய்வாளர்கள், 6 முதல் 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்கென ஒரு சொல்வளத் திட்டத்தை உருவாக்கினர். இதில் வாரத்துக்கு 5 கல்விசார் சொற்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை மாணவர் விவாதிக்கத்தக்க ஒரு பொதுச் சிக்கலைப் பற்றிய சிறு கட்டுரையில் அறிமுகம் செய்யப்பட்டன. அதே சொற்கள் அவ்வாரம் முழுவதும் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய வகுப்புகளில் நாளுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் பயன்படுத்தப்பட்டன. வார இறுதியில் மாணவர்கள் தம் நிலைப்பாட்டை அச்சொற்களைக் கொண்டு எழுதினர்.

2009 இல் வெளியான ஆய்வின்படி, 20 முதல் 22 வாரங்கள் இத்திட்டத்தில் பங்கேற்ற மாணவர்கள் இச்சொற்களில் அடைந்த முன்னேற்றம், தொடக்கத் தேர்வில் 6 ஆம் வகுப்பினருக்கும் 8 ஆம் வகுப்பினருக்கும் இடையே காணப்பட்ட வேறுபாட்டுக்கு ஏறத்தாழச் சமமாகும். ஆங்கிலம் அல்லாத மொழி வழங்கும் வீடுகளிலிருந்து வந்து, ஆங்கிலத் தேர்ச்சி பெற்றிருந்த மாணவர்கள் கூடுதலாகப் பயனடைந்தனர். சொற்கள் குறைவாயினும், அவற்றை எல்லா ஆசிரியர்களும் பகிர்ந்து கையாண்டமை இத்திட்டத்தின் தனித்தன்மையாகும்.

தமிழ்வழிக் கல்வியில் உள்ள சிக்கல்கள்

தமிழ் இரட்டை வழக்கு மொழியாகும். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையேயுள்ள தொலைவு காரணமாக, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் எழுத்து வழக்குச் சொற்களைப் பள்ளியிலேயே முதன்முதலாக எதிர்கொள்கின்றனர். குறிப்பாக எனினும், ஏனெனில், மாறாக, ஆதலால் ஆகிய இணைப்புச் சொற்கள் வீட்டுப் பேச்சில் அரிதாகவே வழங்குகின்றன. பாடநூலில் காரணத்தையும் முரணையும் உணர்த்துபவை இவையே. தமிழ்ப் பாடநூல்களில் செய்யுளை அடுத்து வரும் "சொல்லும் பொருளும்" பகுதி பெரும்பாலும் அருஞ்சொற்களுக்கே பொருள் தருவதால், இத்தகைய சொற்களை ஆசிரியரே கவனித்துக் கற்பிக்க வேண்டியுள்ளது.

கலைச்சொற்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுதல் மற்றொரு சிக்கலாகும். தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை எனப்படுவது இலங்கையில் ஒளித்தொகுப்பு எனப்படுகின்றது. "நிறை" என்னும் சொல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவைக் குறிக்கின்றது. இலங்கையில் அவ்வளவு "திணிவு" எனப்படும். அங்கு "நிறை" என்பது புவியீர்ப்பால் அப்பொருள்மீது உண்டாகும் விசையைக் குறிக்கின்றது, தமிழ்நாட்டில் இது "எடை" எனப்படும். இணையத்தில் இரு நாட்டு நூல்களையும் படிக்கும் மாணவருக்கு இவ்வேறுபாட்டை முன்னரே கூறுதல் நன்று.

மதிப்பீடு

பொருத்துக, பொருள் எழுதுக ஆகிய வினாக்கள் சொல்லறிவின் ஒரு பகுதியையே அளக்கின்றன. மனப்பாடம் செய்த மாணவர் இவற்றில் முழு மதிப்பெண் பெற்றும், அதே சொல்லைப் பாடத்தில் கண்டு திகைக்கக்கூடும். இரு சொற்களின் வேறுபாட்டைக் கூறச்செய்தல், பொருந்தாத பயன்பாட்டைக் கண்டறியச்செய்தல், சில வாரங்கள் கழித்து எழுதும் கட்டுரையில் சொல் தானாக இடம்பெறுகின்றதா எனக் கவனித்தல் ஆகியன ஆழ்ந்த அறிவைக் காட்டுகின்றன.

கருத்து வேறுபாடுகள்

நேரடியாகக் கற்பிக்கும் சொற்கள் மிகச் சிலவே ஆதலால், அந்நேரத்தை வாசிப்புக்கே ஒதுக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. சரளமாகப் படிக்க இயலாதவருக்கு வாசிப்பு நேரம் மட்டும் பயன்தராது என்பது மறுசாரார் கருத்து. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, எந்த ஒரு தனி முறையையும் சார்ந்திருத்தல் சிறந்த பலனைத் தராது எனக் கூறியது. மூன்றடுக்குப் பிரிவில், இரண்டாம் அடுக்கின் எல்லை ஆசிரியரின் மதிப்பீட்டைப் பொறுத்து மாறுவதும் குறையாகச் சுட்டப்படுகின்றது.

மனப்பாட முறை பற்றியும் இருவேறு கருத்துகள் உள்ளன. பொருளுணராத மனப்பாடம் சொல்லைப் பயன்படுத்தும் திறனைத் தருவதில்லை. எனினும் நிகண்டுகள் ஓசையையும் பொருள்வகைத் தொகுப்பையும் நினைவுக்குத் துணையாகக் கொண்டமை, சொற்களைத் தொடர்புபடுத்திக் கற்பிக்கும் இக்கால முறைகளோடு ஒப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

அகராதி
நிகண்டு
உரிச்சொல்
கலைச்சொல்
இரட்டை வழக்கு